சின்ன வட்டம்

அழைப்பிதழில் முற்றுப்புள்ளி கிடையாது
காற்புள்ளியும் கிடையாது
கல்யாணச் சேதி எங்கேயும் நிற்கக் கூடாதாம்
மூச்சு வாங்க வேண்டிய இடத்தில்
கொஞ்சம் வெள்ளை விட்டு அச்சடித்திருந்தார்கள்
குஷிரோ துறைமுகத்துப் பனிமூட்டத்தில்
முப்பது வருஷமாக டாக்சி ஓட்டுகிறவன் நான்
வெள்ளைக்குள் என்ன இருக்குமென்று
ஓரளவு தெரியும்

உறைக்குள் ஒரு பதில் அட்டை
ஒரு பக்கம் தங்கள் மேலான வருகை
பக்கத்தில் தங்கள் மேலான வர இயலாமை
வாங்கியவர் அந்த மேலானதை அடித்துவிட வேண்டும்
தன்னைத் தானே மெச்சிக்கொள்ளலாகாது
பிறகு ஒன்றைச் சுற்றி வட்டம்
மற்றதன் மேல் கோடு

சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்து
மியோரி எண்ணிக்கொண்டிருந்தாள்
அவள் தோழி ஒருத்தி வட்டத்துக்குக் காது வைத்துப்
பூனையாக்கி அனுப்பியிருந்தாள்
என் டாக்சிக் கம்பெனி முதலாளி எதையுமே அடிக்கவில்லை
மேலானவராகவே வருகிறார்

வருகிறவர்கள் மூன்று நாளில் எழுதிவிடுவார்கள்
வராதவர்கள் ஒரு வாரம் பிந்துவார்கள்
எப்படியாவது வரப் பார்த்தேன் என்பதுபோல
அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை
மசுமியின் அட்டை கெடு முடிகிற அன்று வந்தது

ஸ்கேல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு
பெயரைப் படிக்கும் முன்பே யாரென்று சொல்லிவிட்டேன்
விவாகரத்துத் தாளில் முத்திரை சாய்ந்துவிட்டதென்று
நகராட்சி அலுவலகத்துக்கு மறுபடி நடந்து
புதுத் தாள் வாங்கி வந்தவள்
அன்றைக்கு மழை
என் குடையைத்தான் எடுத்துக்கொண்டு போனாள்
திருப்பித் தந்தாளா
ஞாபகமில்லை

அட்டையில் குற்றம் சொல்ல ஏதுமில்லை
இரண்டு மேலானதும் போயிருந்தன
தன் பெயருக்கு முன்னிருந்த மரியாதையும் போயிருந்தது
மறுபுறம் மகள் பெயருக்குப் பின்னால்
அச்சிலிருந்த வெறும் சொல்லை அடித்துவிட்டு
அவர்கள் என்று எழுதியிருந்தாள்
பெற்ற பெண்ணுக்கு
அவர்கள்

வாழ்த்து எழுதும் கட்டத்தில் ஒரே வரி
அதற்கும் புள்ளி இல்லை
இயலாமையின் மேல் கோடு இல்லை
வருகையைச் சுற்றி எதுவும் இல்லை
அதன் காலடியில் மட்டும்
எள்ளளவு ஒரு வட்டம்

எங்கள் எழுத்தில் முற்றுப்புள்ளி
கறுத்த பொட்டு அல்ல
நடுவில் காலியான குட்டி வட்டம்
வருகிறேன் என்பதற்கும் அதே வட்டம்தான்
சொல்லைச் சுற்றினால் வருகிறார்கள்
சொல்லுக்குப் பின்னால் வைத்தால் முடிந்துவிட்டது
இவள் கீழே வைத்திருக்கிறாள்

செல்போனில் படம் பிடித்து
மியோரி இரண்டு விரலால் விரித்தாள்
விரிக்க விரிக்க வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது
பாத்தீங்களா அப்பா என்றாள்
ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே
என்றான் மாப்பிள்ளைப் பையன் தகுமா
நாங்கள் இருவரும் அவனைப் பார்த்த பார்வையில்
எழுந்து தேநீர் போடப் போய்விட்டான்

திங்கட்கிழமை மண்டபத்திலிருந்து அழைப்பு
ஒனோதெரா என்றொரு பெண் இனிமையான குரல்
மொத்தம் அறுபத்தொன்றா அறுபத்திரண்டா என்றாள்
ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நின்றிருந்தேன்
முன்னால் வண்டி நகர்ந்துவிட்டது
பின்னால் நின்றவன் ஹாரன் அடிக்கவில்லை
விளக்கை ஒருமுறை சிமிட்டினான்

அறுபத்திரண்டு என்றேன்
எழுதிக்கொள்ளும் சத்தம்
உணவில் யாருக்காவது ஒவ்வாதது உண்டா என்றாள்
ஒருத்தருக்கு உண்டு
அந்த அறுபத்திரண்டாவது ஆளுக்கு
இறால் ஆகாது
சூப்பில்கூட