நிறுவைக்காரி

அந்த வருஷங்களில் எங்கள் பெய்ரா மலையில்
ரை விளைந்துகொண்டிருந்த வயலையே தோண்டினார்கள்.
ரொட்டியை விடக் கல் விலை போயிற்று.
கறுப்புக் கல். உள்ளங்கையில் வைத்தால்
கையைத் தரைக்கு இழுக்கும்.
வுல்ஃப்ராம் என்றார்கள். எஃகை இறுக்குமாம்.
எதற்கு என்று எவரும் கேட்கவில்லை,
கிலோ எவ்வளவு என்று கேட்டோம்.

மேற்குச் சரிவு ஆங்கிலேயர் சுரங்கம்.
கிழக்குச் சரிவு ஜெர்மானியருடையது.
இடையில் ஓடை, ஓடைமேல் பலகைப் பாலம்,
பாலத்தின் தலைமாட்டில் என் தராசு.
பகலில் இவனுக்கு வெட்டியவன்
இரவில் சட்டைக்குள் கல்லைச் சொருகி அவனிடம் போவான்.
செவ்வாய்க்கிழமை ஹார்வுட்டின் ஆள் வருவான்,
வெள்ளிக்கிழமை ஈலர்ஸின் ஆள்.
ஒருமுறை கிழமை குழம்பி இருவரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்,
மழை வேறு.
ஒரே கூரைக்குக் கீழே
ஒருவன் சுருட்டுக்கு மற்றவன் நெருப்புக் கொடுத்து
வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.
இருவருக்கும் ஒரே படிக்கல்லால்தான் நிறுத்தேன்.

எங்கள் நாடு நடுநிலை.
பாதிரியார் சொன்னார், லிஸ்பன் பேப்பரும் சொன்னது.
முள் நடுவில் நிற்பது
இரண்டு தட்டும் காலியாக இருக்கையில்,
அல்லது
இரண்டு தட்டும் நிறைந்திருக்கையில்.

அமாந்தியோ இரண்டு கைக்கடிகாரம் வாங்கினான்.
வலக்கையில் லண்டன் நேரம், இடக்கையில் பெர்லின் நேரம்.
மாடு கறக்க நேரமாயிற்றா என்றால்
சூரியனைத்தான் அண்ணாந்து பார்ப்பான்.

மதுக்கடைச் சுவரில் ஃபௌஸ்தினோ
போருக்குள் போன நாடுகளைக் கரித்துண்டால் எழுதிவைத்தான்.
சில தாமாகப் போயின,
சில வாசலில் டாங்கி வந்து நின்ற பிறகு.
சில பக்கம் மாறின; எழுதி, துடைத்து, எழுதி
அந்த இடத்தில் சுவரே கறுத்துவிட்டது.
ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, நாங்கள்,
பெயர் ஏறாதவர்கள்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் 'பிரேசில்' என்று எழுதினான்.

பிரேசிலில் என் தம்பி இருந்தான், வெனான்சியோ.
பன்னிரண்டு வயதில் மாமாவோடு கப்பலேறி
சாந்தோஸ் துறைமுகத்தில் காப்பி மூட்டை சுமந்தவன்.
அவர்கள் கப்பல்களை நீர்மூழ்கி கவிழ்த்ததாம்,
கோபம் வந்துவிட்டதாம் அந்த நாட்டுக்கு.
எங்கள் பாஷையில்தான் அவர்கள் போரை அறிவித்தார்கள்.
எங்கள் பாஷையில்தான் நாங்கள் சும்மா இருந்தோம்.

அடுத்த செவ்வாய் நிறுத்தேன்.
அடுத்த வெள்ளியும் நிறுத்தேன்.
வெள்ளிக்கிழமைக் காசு கொஞ்சம் கூடுதல்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாற்பத்து நான்கு ஜூனில் லிஸ்பன் விற்பனையைத் தடுத்தது.
யாருக்கும் கிடையாது என்றது, இரண்டு ஆளும் போனார்கள்.
அந்தக் குளிர்காலம் இத்தாலியிலிருந்து கடிதம்:
'அக்கா, இங்கே பனி.
கூட இருப்பவர்கள் பனியைக் கண்டதே இல்லை,
நாக்கை நீட்டிப் பிடிக்கிறார்கள்.
பூட்ஸுக்குள் வைக்கோல் திணிக்க நான்தான் காட்டிக்கொடுத்தேன்,
அப்பா திணிப்பாரே, அப்படி.
எதிரில் ஒரு மலை.
நான்கு தடவை ஏறினோம், நான்கு தடவையும் இறங்கினோம்.'

ஐந்தாவது தடவையைப் பற்றி
வேறு யாரோ தட்டச்சில் அனுப்பினார்கள்.

எந்தக் கல் எங்கே போயிற்று, யார் கண்டது.
உருக்கிவிட்டால் கல்லுக்கு ஊர் கிடையாது என்றார் பாதிரியார்,
ஆறுதலாகத்தான் சொன்னார்.
நான் கணக்குப் புத்தகத்தை எடுத்து
வெள்ளிக்கிழமைகளை மட்டும் கூட்டினேன்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
தப்பாக இருக்கும் என்று இன்னொரு முறை கூட்டினேன்.
சரியாகவே இருந்தது.

இப்போது அந்தத் தராசில் செஸ்ட்நட் நிறுக்கிறேன்.
விலைபோகாமல் நின்ற பாறை ஒன்று மிச்சம்;
காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க
முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
சாத்தவும் விடாது, முழுக்கத் திறக்கவும் விடாது.
அந்தச் சந்து வழியாகக் குளிர் வருகிறது.
அமாந்தியோ வந்தால் நகர்த்தித் தரச் சொல்ல வேண்டும்,
ஒரு ஆளால் ஆகாது.