அடியில் தங்கும் காற்று

சார்டின் கரையேறிவிட்டதென்று போன் வந்தபோது
என் புருஷன் மெர்பேங்க் கிளினிக்கில்
ஒரு பிளாஸ்டிக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
"பெஃபுமுலா, சாக்ரன், விடு மூச்சை,
இன்னும், இன்னும், இன்னும்!"
சிஸ்டர் நொம்புசோ கைதட்டினாள்,
ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிறவனுக்குத் தட்டுவதுபோல.

எவ்வளவு ஊதினாலும் அடியில் கொஞ்சம் தங்கிவிடுமாம்.
ஒரு லிட்டருக்கு மேல். யாருக்கும் அப்படித்தான்.
எண்ணெய் ஆலையில் இருபத்திரண்டு வருஷம்
வெல்டிங் பிடித்தவனுக்கு இன்னும் அதிகம்.
அதையும் வெளியே தள்ளிவிட்டால்? என்று கேட்டேன்.
"சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும், அம்மா.
பிறகு திறப்பது கஷ்டம்."

நான் மீன் வெட்டுகிறவள்.
பதினெட்டு வருஷமாக ஷேடின் கன்னத்தைத் தூக்கி
விரல்விட்டு அந்தச் சிவப்புச் சீப்பைப்
பிடுங்கி எறிகிறேன்.
இது எப்படி வேலை செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.
வாய்வழியே தண்ணீர் நுழையும்,
செவுள்வழியே வெளியேறும்,
போனது போனதுதான்.
மிச்சம், நேற்றையது, ஊசிப்போனது
எதுவும் அதற்குள் கிடையாது.
நாமோ ஒற்றை வாசல் வீடு.
சம்பந்தி வந்த வழியாகவே
பாடையும் போகவேண்டும்.

மதியம் அவனையும் ஏற்றிக்கொண்டு வார்னர் பீச் போனேன்.
வலைக்குள் வெள்ளி கொதித்தது.
வாளி வாளியாக, இத்தனை காற்றுக்கு நடுவே
மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தன.
கடலில் சலித்துச் சலித்துத் தேடிய பிராணவாயு
இங்கே பந்தி விரித்துக் கிடக்கிறது,
அள்ளத்தான் கையில்லை.
நனைந்த நோட்டுப் புத்தகத்தின் தாள்கள்போல
செவுளிதழ்கள் ஒன்றோடொன்று படிந்துவிட்டன.
சிஸ்டர் சொன்ன அதே ஒட்டல்.

சாக்ரன் குனிந்து பார்த்தான்.
தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.
"காற்று இருந்தா மட்டும் போதாதுபோல" என்றான்.
பம்பை ஒருதரம் வாய்க்குள் அழுத்திக்கொண்டு
பேரம் பேசப் போய்விட்டான்.
ஒரு கூடை நாற்பது ரேண்டுக்குக் குறைத்தும்விட்டான்.

ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டேன்.
காற்று ஆலைப்பக்கம் திரும்பியிருக்கிறது,
அழுகிய முட்டை நாற்றம்.
பக்கத்தில் அவன் மூச்சு
விசிலடித்துக்கொண்டு வெளியே வருகிறது, நீளமாக.
பிறகு ஓர் இடைவெளி.
எண்ணுகிறேன்.
ஒன்று. இரண்டு. மூ
உள்ளே போகிறது.

மீனுக்கு இந்த இடைவெளியே இல்லை,
தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.
மீனின் பெண்டாட்டி
நன்றாகத் தூங்குவாள்.