இரண்டாவது சப்பாத்தி

இட்டென் ஊரில் விடிகாலை ஐந்தரை என்பது
இருட்டுக்குள் நாற்பது ஜோடிக் கால்கள்.
செம்மண் சாலை, வாயிலிருந்து ஆவி,
யாரும் பேசுவதில்லை.
ஜெரோப் மூன்றாவது வரிசையில் ஓடுகிறாள்.
அந்தப் பெயருக்கு மழை பெய்கையில் பிறந்தவள் என்று பொருள்.
பதினான்கு மாதமாக அவளுக்குள்
ஒரு துளி இல்லை.

நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.
பந்தயத்தன்று நாள் எண்ணும் தொல்லை இல்லை.
பள்ளியில் வயிற்றைப் பிடித்துச் சுருண்ட தோழிகளை நினைத்து
கொஞ்சம் கர்வம்கூட.
நாற்பத்துமூன்று கிலோ.
தராசைப் பார்த்துத் தலையசைத்தார் பயிற்சியாளர்:
இலேசான கால்தான் முதலில் போய்ச் சேரும்.

காலின் கணக்கு வேறு.
மே மாதம், கெரியோ பள்ளத்தாக்குக்கு இறங்கும் வளைவில்,
முழங்காலுக்குக் கீழே
காய்ந்த சுள்ளி.
அவளுக்கு மட்டும் கேட்டது.

எல்டோரெட்டில் படம் எடுத்தார்கள்: எலும்பில் மயிரிழைக் கோடு.
ரத்தப் பரிசோதனைத் தாளில்
ஈஸ்ட்ரோஜன் என்ற சொல்லுக்கு எதிரே
இவள் வயதுக்குப் பொருந்தாத ஓர் எண்.
மாத்திரை உண்டா என்றாள்.
"முதலில் தட்டை நிரப்பு" என்றார் டாக்டர் அடோங்கோ.
"கையில் காசில்லாத வீடு
விருந்தாளி அறையைத்தான் முதலில் பூட்டும்.
உன் உடம்பு பூட்டிவிட்டது."

அவ்வளவுதானா வைத்தியம்?
அவ்வளவுதான். அதுதான் கஷ்டம்.
ஓடுமுன் பால் விட்ட தேநீர், சர்க்கரை தாராளமாக.
ஓடி வந்ததும், வியர்வை காயுமுன் முட்டை.
மதியம் உகாலி, பீன்ஸ், மணத்தக்காளிக் கீரை,
அவகாடோ பாதி. இல்லை, முழுசு.
ஞாயிறு ஓட்டம் கிடையாது. பகலிலும் தூக்கம்.
இதெல்லாம் கால் கூடியபின்.
அதுவரை ஊன்றுகோலும் தட்டும் மட்டும்.

முதல் சப்பாத்தி இறங்கிவிடும்.
இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.
பசியை ஜெயிக்கப் பழகியவளுக்கு
பசியிடம் தோற்பது பெரும்பாடு.
(அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னோர் அர்த்தமும் உண்டு.
அவளுக்குத் தெரியாது.)

நாற்பத்தொன்பது கிலோ.
பயிற்சியாளர் தராசையும் பார்க்கவில்லை,
அவளையும்.

நவம்பர், ஓர் இரவு. தகரக் கூரைமேல் மழை.
விழித்தபோது விரிப்பில்
ஒரு காசளவு கறை.
விளக்கைப் போட்டாள், அணைத்தாள்,
மறுபடி போட்டுப் பார்த்தாள்.

அலமாரியில் நாப்கின் இல்லை.
எப்போது வாங்கினோம் என்ற நினைவும் இல்லை.
போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்து அறையைத் தட்டினாள்.
இல்லை.
அடுத்த அறை. இல்லை.
ஆறு அறை, பதினொரு பெண்கள்,
தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொருத்தியும் பெட்டியைத் துழாவி
பிறகு சட்டென்று துழாவுவதை நிறுத்தி.

கடைசிக் கதவில் செலகாட்
வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.
கதவைச் சாத்தவில்லை.
மழைச் சத்தத்துக்குள் மெல்லக் கேட்டாள்:

"சப்பாத்தி ஏதாவது
மிச்சம் இருக்கா?"