அரண்மனை, 800 மீற்றர்

ஒட்டுசுட்டான் வீதியில் பலகை நட்டார்கள்.
அம்புக்குறி என் தகரக் கொட்டிலைக் காட்டுகிறது.

மூன்று மொழியில் எழுத்து.
முதலாவதில் ஒரு அரசன்,
இரண்டாவதில் வேறொருவன்,
மூன்றாவதில் வெறும் இடிபாடு.
மூன்றும் வாசிக்கத் தெரிந்த
கன்டர் றைவர் சொல்லிச் சிரித்தான்.
இத்தனை பேரும் என் வளவில் குடியிருந்தும்
ஒருவரும் வாடகை தந்ததில்லை.

கண்ணுக்குத் தெரிவது பதினொரு செங்கல்,
நடுவில் குழியோடு ஒரு கருங்கல்.
மீள்குடியேறி வந்த முதற்கிழமை
அதில்தான் செத்தல் இடித்தேன்.
ஆராய வந்த திணைக்களத்துப் பெடியன்
குழியை விரலால் தடவி
கண்ணைக் கசக்கிவிட்டான், பாவம்.

வர்த்தமானி வந்தது.
எல்லைக்கல்லுக்கு உள்ளே
ஒரு சாண் தோண்டக்கூடாது.
வீட்டுத்திட்டத்து அத்திவாரம்
கயிறு கட்டியதோடு நிற்கிறது.
வாழைக்குட்டி வைத்ததற்கு
என்ர மனுசனை, பெயரில் மட்டும் ராசா, கனகராசாவை,
மூன்று தரம் விசாரித்தார்கள்.
மலசலகூடக் கிடங்கு? வாயே திறக்கேலாது.

ஞாயிறுகளில் பஸ் வரும்.
கொடியில் காயும் சோட்டி, கோழிக்கூடு, பாலைமரம்
எல்லாம் பார்த்துவிட்டு
அரண்மனை எங்கே என்பார்கள்.
காலடியைக் காட்டுவேன்.
சிலர் சட்டென்று சப்பாத்தைக் கழற்றுவார்கள்.
ஒரு பஸ் கொடி விரித்துப் படமெடுத்தது.
அடுத்த மாதத்து பஸ் வேறு மொழியில்
கண்ணை மூடிக்கொண்டு பாடியது.
இரண்டு பஸ்ஸிலும் அழுதவர்கள் இருந்தார்கள்.
அழுது முடிய, இரண்டு பஸ்ஸும் கேட்டது ஒன்றுதான்:
"டொய்லெட் எங்க, அக்கா?"

குளக்கட்டுக்குக் கீழே, ஈச்சம்பற்றைக்குள்.
யானை நிற்கும், கையைத் தட்டிக்கொண்டு போங்கோ.

மகள் பெரியபிள்ளையாகி மூன்று மாதம்.
இருட்டில் அவளோடு ரோச் பிடித்துப் போய்
காவல் நிற்கிறது நான்.

நேற்றிரவு கனகராசா அலவாங்கை எடுத்தான்.
குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில்.
மண் மெத்தென்று இறங்கியது.
முழங்கால் ஆழத்தில்
ணங்.

பன்னிரண்டாவது செங்கல்.
பக்கத்தில் பதின்மூன்று, பதினான்கு.
சாந்து பிசகாத சுவர்
எங்கள் பாய்க்குக் கீழால்
மகளின் புத்தகப் பெட்டிக்குக் கீழால்
நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

நிசமாகவே இருந்திருக்கிறான்.

ரோச் வெளிச்சத்தில் கனகராசா என்னைப் பார்த்தான்.
அந்தச் சுவர் எவ்வளவு தூரம் போகுமோ
அவ்வளவு தூரம் எல்லைக்கல்லும் போகும்.
"மூடு" என்றேன்.

விடிய முதல் மண்போட்டு
சாணி மெழுகி
அடுப்பை அதன்மேல் இழுத்து வைத்தேன்.
தேத்தண்ணி கொதிக்கும் நேரம்
வீதியில் பஸ் திரும்புகிற சத்தம்.