நான்கு அழிக்கப்படும்

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில், அதன் பின்னால் மன்னார்குடி வண்டி,
எப்படியும் இருபத்தைந்து நிமிடம்.
மினி பஸ்ஸின் கடைசி சீட்டில்
என் மடியில் லேப்டாப்,
பக்கத்து மடியில் கோழி.
இரண்டும் சூடு,
இரண்டும் அவ்வப்போது முனகுகின்றன.

எந்த மூட்டை, எந்த நாள், எந்தக் கொள்முதல் நிலையம்
என்று டோக்கன் கொடுக்கும் செயலி எங்களுடையது.
அது ஓடும் கம்ப்யூட்டர்களை நான் பார்த்ததில்லை.
மும்பையில் இருக்கின்றன என்கிறார்கள்.
கிளவுட் என்றால் மேகம்தானே, பெய்யுமா என்று
பெரம்பூர் மாமா கேட்டபோது
பெய்யாது, பில் வரும் என்றேன்.

முன்பு யாமலில் எழுதினோம்.
நிலையத்துக்கு ஒரு பத்தி. அதே பத்தி.
பெயர் மட்டும் வேறு.
ஓர் இடைவெளி தள்ளிப்போனால் மொத்தமும் சாயும்.
நகலெடுத்து, ஒட்டி, நகலெடுத்து, ஒட்டி
ஒருநாள்
வலங்கைமான் நெல்லுக்குக் குடவாசலில் தேதி விழுந்தது.

இப்போது பைத்தான்.
ஒரு பட்டியல், ஒரு ஃபார் லூப்,
கடைமடை நிலையமா, இன்னொன்று கூடுதலாக எழுப்பு
என்று ஓர் இஃப்.
எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு.
‘ஆனால்’ இல்லாத மொழியில்
ஒரு கல்யாணம்கூடப் பேசி முடிக்க முடியாது,
முந்நூறு நிலையத்தை எப்படி நடத்துவது?

ஓட்டுவதற்கு முன் ஒத்திகை.
எழுதியதையும் இருப்பதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
சிவப்பில் சொன்னது:

எழுதியது மூன்று கன்டெய்னர்.
இருப்பது ஏழு.
நான்கு அழிக்கப்படும்.
சம்மதமா?

கர்சர் மினுக்குகிறது.
கோழி என் விரலையே பார்க்கிறது.

பதிவைத் திறந்தால், இரவு ஒன்று நாற்பது,
கூத்தாநல்லூரிலிருந்து ஃபிர்தௌஸ்.
திரைக்குள் நேராகப் போய்
எண்ணைக் கையால் மாற்றியிருக்கிறாள்.
கோடில் ஒரு வரி இல்லை.
கையால் தொடக் கூடாது என்பது விதி.
விதியை எழுதியது நான்.

கூப்பிட்டேன். தூக்கக் குரல்.
“ராத்திரி மழைன்னு திடீர்னு அறிவிப்பு வந்துச்சு.
களத்துல கொட்டிக் கெடக்குற நெல்லு அத்தனைக்கும்
ஒரே நேரத்துல டோக்கன் கேக்குறாங்க.
மூணும் விழுது, எந்திரிக்குது, விழுது.
கோடைத் திருத்தி, அனுப்பி, நீங்க முழிச்சு ஓக்கே சொல்றதுக்குள்ள
நெல்லு முளைச்சிடும்.”

கேட்டுக்கு அப்பால், இங்கிருந்து தெரியாது,
மூணாறு தலைப்பு.
வெண்ணாறு மூன்றாகும் இடம்.
போன மாதம் அங்கே நின்று
லஸ்கர் சாமியப்பனின் நோட்டைப் புரட்டினேன்.
நோட்டில் ஓர் அளவு,
ஷட்டரில் வேறோர் அளவு.
“பாமணியாத்துக் கரை கசிஞ்சுது,
ரெண்டு சுத்து எறக்கிட்டேன்.
நோட்டு எழுதுறவரு லீவு” என்றார்.
நான் சிரித்தேன் அன்றைக்கு.

நிரலுக்கு யார்மேலும் கோபம் கிடையாது.
எழுதாத நான்கும்
அதன் கணக்கில் களை.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
மூன்றை ஏழாக்கினேன்.
அதுவும் போதாதென்று பட்டது, அழித்தேன்.
ஒரு ஃபங்ஷன் எழுதினேன்:
மழை எச்சரிக்கை இருந்தால் ஏழு,
இல்லையேல் மூன்று.
அதன் தலைமாட்டில்
எந்த இயந்திரமும் படிக்காத ஒரு வரி:
இரவு 1.40. நெல் நனைய இருந்தது. ஃபிர்தௌஸ்.

மறுபடி ஒத்திகை.
ஏழுக்கு ஏழு. மாற்றம் ஏதுமில்லை.

கேட் எழுந்துவிட்டது.
இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே சமயத்தில் நுழைய,
நடுத் தண்டவாளத்தில் எங்கள் டிரைவர்
எதிர் டிரைவரின் பரம்பரையை விசாரிக்கிறார்.
கோழிக்காரர் கேட்டார்,
“மழை வரும்னு போட்டிருக்கா அதுல?”
போடவில்லை என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
உள்ளங்கையைப் பார்த்தார்.
எனக்குக் காட்டினார்.

இரண்டு துளி.

மடியில் திறந்தே இருக்கிறது
அந்த ‘இல்லையேல்’.