பன்னிரண்டாவது பெயர்

கார்டிஃப் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
எங்கள் நூலகத்தின் கூரை ஒழுகுகிறது.
மூன்று வாளி வைத்திருக்கிறோம்.
செப்பனிடப் பணம் தரும் அறக்கட்டளைக்கு
ஒரே ஒரு நிபந்தனை:
உள்ளூர் எழுத்தாளர் அலமாரியின் நூறு பெயரில்
பன்னிரண்டு பேராவது வெள்ளையர் அல்லாதவராக
இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல்.

நானும் இத்ரிஸும் கதவைப் பூட்டிவிட்டு எண்ணினோம்.
பதினொன்று.
தேநீர் குடித்துவிட்டு மறுபடி எண்ணினோம்.
பதினொன்றேதான்.

அப்போதுதான் அவன் நெஸ்ட்டா ப்ரோபர்ட்டை உருவினான்.
ஏழு நாவல். எல்லாவற்றிலும் மழை, ரொட்டிக்கடை,
கணவனோடு பேச்சை நிறுத்திய பெண்கள்.
அம்மா இந்த ஊர்க்காரி.
அப்பா ஏடனிலிருந்து கப்பலில் கரி தள்ளி வந்தவர்,
பெயர் ஸுபைர்.
"அப்படியானால் பாதி" என்றேன்.
"எந்தப் பாதி?" என்றான்.

பின்னட்டையைத் திருப்பினோம்.
கறுப்பு-வெள்ளைப் படம்.
அச்சகத்தான் எல்லோரையும் போல
அவளையும் சாம்பலாக்கியிருந்தான்.
விளக்கடியில் பிடித்தோம். சன்னலோரம் பிடித்தோம்.
மூக்கைப் பார்த்தேன், கீழுதட்டைப் பார்த்தேன்.
ஆட்டுச் சந்தையில் வாயைப் பிளந்து
பல்லை எண்ணுவதில் என் மாமா கெட்டிக்காரர்.
அவர் கை என் கையில் இருப்பது தெரிந்ததும்
புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

அல்லாதவர்.
என்ன சொல் இது?
வாசலில் நிற்பது யார் என்றால்
உள்ளே இல்லாதவர் என்பது போல.

"ஏழு நாவலிலும் ஏடன் ஒரு தடவைகூட வரவில்லை,
எல்லாம் ரொட்டிதான்" என்றேன்.
"ரொட்டியைப் பற்றி எழுத
அனுமதி வாங்க வேண்டுமா?" என்றான்.
எனக்கு முகம் சிவந்தது.
அதுவும் ஒரு நிறம்தான், எந்தக் கட்டத்திலும் இல்லாதது.

மூன்றாவது நாவலில் ஓர் ஆள் வருகிறான்.
பாத்திரம் கழுவும் தொட்டியில்
ஒரு காலைத் தூக்கி வைத்துக் கழுவுகிறான்,
பிறகு மற்றதை. பெயர் இல்லை.
இரண்டே வரி.
அடுத்த பத்தியில் மாவு பொங்கிவிடுகிறது.

பழைய பதிவேட்டுக்குள் அவள் கடிதம் கிடந்தது,
அன்றைய நூலகருக்கு:
"ஐயா, என்னை ப்ரோபர்ட் என்றே அடுக்குங்கள்.
ஸுபைர் என்றால் அகரவரிசையில் கடைசி,
சுவரோர அலமாரியின் அடித்தட்டு.
இந்த ஊரில் அவ்வளவு குனிய
யாருக்கும் முதுகு வளையாது."

இத்ரிஸ் சிரித்தான். பாதியில் நிறுத்தினான்.
கேலியா என்று தெரியவில்லை;
கையெழுத்து நிதானமாக இருந்தது.
"அவளே சொல்லிவிட்டாளே" என்றேன்.
"தட்டைப் பற்றிச் சொன்னாள்" என்றான்.

அவன் பெயர் இங்கே ஒரு மலைக்கும் உண்டு,
குர்ஆனில் ஒரு நபிக்கும் உண்டு.
எது உன்னுடையது என்று கேட்பவர்களுக்கு
அவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வானாம்.
பதினாறு வருடமாகப் பக்கத்து மேசை.
நான் கேட்டதில்லை. கேட்காததை
நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

எட்டரைக்கு, வேறு வழியில்லாமல்,
அவள் பெயருக்கு நேரே அரை என்று தட்டினேன்.
பதினொன்றரை.
கணினி பின்னம் காட்டாது போலிருக்கிறது,
கூட்டுத்தொகைக் கட்டத்தில் தானாகவே
பன்னிரண்டு என்று நின்றது.
பத்தோடு பதினொன்று, அத்தோடு இது ஒன்று.
நாங்கள் முடிவு செய்யவில்லை
என்று சொல்லிக்கொள்ளலாம்.
அனுப்பு என்ற பொத்தானை
இருவரில் யார் அழுத்தினோம் என்பதையும்
சொல்லாமல் விடலாம்.

வாளிகளைக் கொட்டிவிட்டு வந்தேன்.
இத்ரிஸ் மூன்றாவது நாவலைத் தன் அட்டையில்
பதிந்துகொண்டிருந்தான்.
"கால் கழுவுகிறவன் எந்தப் பக்கம்?"
"நூற்றுப் பதினாறு" என்றேன்.
கோட்டுக்குள் நனையாமல் வைத்துக்கொண்டான்.
வெளியே அவள் எழுதிய அதே மழை.