வலது பக்கம்

ஹட்டனில் ஏலத்துக்கு வந்த எம்ப்ளிபயர்.
சிங்கமலைச் சுரங்கம் தாண்டி
கொட்டகலைக்கு
மூன்றாம் வகுப்பில், என் மடியில்,
பழைய சாரமொன்றால் இறுக்கிக் கட்டி
கொண்டுவந்தேன்.
ஸ்பீக்கர் இரண்டும் முகிலரசனின் காலடியில்.

அன்றிரவே பாடியது,
இடது பக்கம் மட்டும்.
வலது பக்கம்
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
வந்து உட்கார்ந்ததோடு சரி.

"ஹில்மி நானாகிட்ட குடுப்போமா?"
என்றார் அவர்.
தபால் கந்தோரில்
முத்திரை குத்தும் மெஷினையே
கழற்றிப் பூட்டினவள் நான்.
குடுக்கவில்லை.

பியூஸ் பார்த்தேன். நல்ல பியூஸ்.
நல்லதைக் கழற்றி
வேறொரு நல்லதைப் போட்டேன்.
மூடியைத் திறந்தால்
முப்பது வருடத்துத் தூசியும்
காய்ந்த கரப்பான் ஒன்றும்.
அதுதான் குற்றவாளியென்று
ஈர்க்கால் எடுத்து மழைக்குள் வீசினேன்.
வலது பக்கம் வாய் திறக்கவில்லை.

ஈயம் உருக்கி
ஒட்டியிருந்ததையெல்லாம் மறுபடி ஒட்டினேன்.
வயரை ஒட்டி முடித்த பிறகுதான்
அதில் முதலில் கோர்த்திருக்கவேண்டிய
ரப்பர் உறை
மேசையில் கிடப்பது தெரியும்.
வெட்டி, கோர்த்து, மறுபடி ஒட்டி
அடுத்த வயருக்குப் போனால்
அங்கேயும் அதே கதை.

நாலாம் நாள் ஸ்பீக்கரையே அவிழ்த்தேன்.
நாலு திருகாணி, ஒரு சோசர்.
நேரம் பார்த்து கரண்ட் போனது.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
வயரை மாட்டி, பூட்டப் பார்த்தால்
சோசரில் மூன்றுதான்.

"கூட்டினீங்களா?"
"இல்லையே."
"பின்ன, அது நடந்தா போச்சு?"
நாலு நாள் அந்தப் பெட்டியைத் திட்ட
வைத்திருந்ததையெல்லாம்
அவர் தலையில் கொட்டினேன்.
ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.
கட்டிலுக்கடியில் முட்டிபோட்டுத் தேடினார்.
மறுநாள் வேலைவிட்டு வரும்போது
பத்திரிகைத் துண்டில் மடித்து
ஒரு திருகாணி கொண்டுவந்தார்.
புரி பொருந்தவில்லை.
கோணலாய் ஏறியது. விட்டுவிட்டேன்.

இடது வயரைக் கழற்றிப்போட்டு,
வலதின் மூச்சாவது கேட்குமா என்று
சத்தத்தைக் கடைசிவரை கூட்டி,
கெசட்டை ஓடவிட்டு, காதை வைத்திருந்தேன்.
சும்மா இருந்த கை
முகப்பைத் துணியால் துடைத்தது.
ஒரு குமிழ்
மெல்லத் திரும்பியது.
இரண்டு பக்கத்துக்கும்
பங்கு பிரிக்கிற குமிழ்.
ரயிலில் நான் சாரத்தை இறுக்கிய இறுக்கில்
இடப்பக்கம் முழுசாய்ச் சாய்ந்திருக்கிறது.

நாதஸ்வரம்
குவாட்டர்ஸ் வரிசை முழுவதையும்
எழுப்பி உட்காரவைத்தது.
பக்கத்துக் கதவில் சோமலதா நோனா
போர்வையோடு வந்து நின்று
"யாருக்கு கல்யாணம்?" என்றார்.
மணி ஒன்றரை.

அதோடு முடியவில்லை.
இரண்டும் சேர்ந்து பாடும்போது
தவில் வெறும் தகரமாய்க் கேட்டது.
டோர்ச் வெளிச்சத்தில்
சிவப்பும் கறுப்பும் ஒரே நிறம்.
மாற்றி மாட்டியிருந்தேன்.
ஒன்று தள்ள, மற்றது இழுக்க
நடுவில் செத்துக்கொண்டிருந்தது தவில்.
சரிசெய்ததும் அதற்கு வயிறு வந்தது.
கூடவே ஒரு கிர்ர்.
கோணல் திருகாணிதான் என்று
மூன்று மாதம்
அதையும் அவர் கணக்கில் எழுதினேன்.

நேற்று ஞாயிறு.
அவர் லிந்துலைக்குப் போயிருந்தார்.
ஸ்பீக்கரை வெளியே இழுத்தேன்.
காந்தத்தின் முதுகில்
கொழுந்துக்காட்டு அட்டை மாதிரி
ஒட்டிக்கொண்டிருந்தது
நாலாவது திருகாணி.
நடந்துதான் போயிருக்கிறது.

இரவு நெத்தலி சம்பல் செய்தேன்,
அவருக்குப் பிடித்த உறைப்பில்.
"என்ன விசேஷம்?"
"ஒன்னுமில்ல.
வலது பக்கம் இப்ப நல்லா கேக்குது."
"ம்" என்று
இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

கோணல் திருகாணி
என் கைப்பையில் கிடக்கிறது,
சில்லறைக் காசுகளோடு.
பஸ்ஸுக்குக் காசு எடுக்கும்போதெல்லாம்
அதுதான் முதலில் கைக்கு வருகிறது.